புகைக்கும் ஒரு பொழிமுகம்

நெய்யாறு கடலோடு சேரும் வாயைப் பூவாரில் பொழி என்பார்கள். அகத்தியமலையில் பிறந்து 56 கிலோமீட்டர் ஓடிவந்த ஆற்றுக்கு அந்தக் கடைசிச் சில மீட்டர்தான் விதி. கடல் மணலை அள்ளிப்போட்டு வாயை மூடினால் ஆறு திரும்பி ஏறும், தென்னந்தோப்புக்குள் நுழையும், கரையோர வீட்டின் படியை நனைக்கும். மண்வெட்டியோடு ஆட்கள் போய் மணலை வெட்டிவிட்டால் வடியும். மேலே எவ்வளவு அழகாக ஓடிவந்தாலும், முடிகிற இடம் சரியில்லை என்றால் அந்த ஓட்டத்தைக் கரையில் இருப்பவர்கள் மன்னிப்பதில்லை. சிறுவயதிலிருந்து பார்த்த காட்சிதான். அதன் பொருள் எனக்குப் பிடிபட்டது ஒரு காரின் சைலன்சர் முன்னால் நின்றபோது.

என் அக்காள் மகன் கார் கட்டுகிறான். பாறசாலைக்கும் பூவாருக்கும் நடுவே, ரப்பர் ஷீட் உலர்த்துவதற்காக அவன் தாத்தா கட்டிய புகைப்புரை இப்போது அவனுடைய பட்டறை. ஷீட் தொங்கிய மூங்கில்கள் இருந்த இடத்தில் இரும்புக் குழாய்களை வெட்டி ஒட்டிய சட்டம் ஒன்று நிற்கிறது. இருவர் உட்காரலாம், கூரை கிடையாது. இருக்கைகளுக்குப் பின்னால் பழைய மாருதி 800இன் மூன்று சிலிண்டர், 796 சிசி எஞ்சின், கியர்பாக்ஸோடு சேர்த்து அப்படியே பொருத்தப்பட்டிருக்கிறது. வள்ளங்களுக்கு ஃபைபர் போடும் ஒருவர் கடற்கரையிலிருந்து வந்து உடலை வார்த்துக் கொடுத்தார். மூன்று வருட உழைப்பு. மீதி இருந்தது சைலன்சரின் கடைசி வளைவு. வெல்டிங் செய்யும் ஆசான் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "புகைய எங்கோட்டு விடுகது மாமா?"

நான் எஞ்சின் தெரிந்தவன் இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வியை விட்டு என்னால் நகர முடியவில்லை. ஒரு காரில் மற்ற எல்லாவற்றையும் ஓட்டுபவனுக்காகச் செய்கிறோம். இருக்கையின் சாய்வு அவன் முதுகுக்கு, ஸ்டியரிங்கின் உயரம் அவன் கைக்கு. புகை வெளியேறும் வாய் ஒன்றுதான் காருக்கு வெளியே இருப்பவர்களை நினைத்துச் செய்யவேண்டிய பாகம். கடையில் வாங்கும் காரில் இந்த முடிவை யாரோ ஒரு பொறியாளர் எங்கோ ஓர் அலுவலகத்தில் எடுத்துவிடுகிறார்; நாம் அதைப் பற்றி வாழ்நாள் முழுவதும் யோசிக்காமல் இருந்துவிடலாம். வீட்டில் கார் கட்டுபவனுக்கு அந்தச் சலுகை இல்லை. குழாயை எந்தப் பக்கம் வளைப்பது என்று அவனே சொல்லியாக வேண்டும்.

அவன் மனத்தில் இருந்த படம் லோட்டஸ் செவன். 1957இல் இங்கிலாந்தில் காலின் சாப்மன் வெளியிட்ட கார் அது. முழுக் காராக வாங்கினால் விற்பனை வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை என்பதால் ஏராளமானவர்கள் வீட்டுக் கொட்டகையிலேயே அதைக் கட்டினார்கள். வீட்டில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் கனவு உலகமெங்கும் பரவியதில் அந்தக் காருக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் பல வடிவங்களில் சைலன்சர் உடலின் பக்கவாட்டில், கண்ணுக்குத் தெரியும்படி ஓடும். பார்க்க அழகுதான். இறங்கும்போது கெண்டைக்காலைச் சுட்டுக்கொள்வது அந்தக் கார்க்காரர்களிடையே சகஜம். இதை விளக்க நமக்கு லோட்டஸ் தேவையில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வளர்ந்த நம்மில் எத்தனையோ பேருக்கு வலது காலின் உட்புறம் சைலன்சர் சூட்டுத் தழும்பு இருக்கிறது. குழாயின் இடத்தைத் தோலில் எழுதிவைத்துக்கொண்டு நடக்கிறோம்.

ஒவ்வொரு திசையாகப் பார்த்தோம். இடப்பக்கம் விட்டால் குழாய் சுருக்கமாக முடியும். கீழே தரையைப் பார்த்து வெட்டிவிட்டால் அதைவிடச் சுருக்கம். வலப்பக்கம் என்றால் ஓட்டுபவனின் முழங்கைக்குக் கீழே வரும். பின்பக்கம் கொண்டுபோனால் இன்னும் ஒரு வளைவும் அரை மீட்டர் குழாயும் வேண்டும். ஃபைபர் உடலில் துளையும் போடவேண்டும்.

இந்தியச் சட்டம் இதற்கு ஏற்கெனவே பதில் எழுதிவைத்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 112ஆம் விதி இது பற்றியது. மோட்டார் சைக்கிள் போன்ற சில வண்டிகள் நீங்கலாக, எந்த மோட்டார் வாகனத்தின் புகையும் கீழ்நோக்கியோ இடப்பக்கமாகவோ வெளியேறக் கூடாது. பின்பக்கமோ வலப்பக்கமோதான் போகவேண்டும். அடுத்த விதி, புகைக்குழாய் எரிபொருள் குழாயிலிருந்து 35 மில்லிமீட்டருக்குள் வரக்கூடாது என்கிறது. விதி காரணம் சொல்வதில்லை. ஆனால் பூவார் சாலையில் ஒருமுறை நடந்தால் காரணம் விளங்கும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். பேருந்துக்குக் காத்திருக்கும் கிழவி இடப்பக்கம் நிற்கிறாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இடப்பக்க மதிலை ஒட்டி நடக்கிறார்கள். மீன் கூடையை இறக்கிவைத்து விற்கும் பெண் இடப்பக்கம் குத்தவைத்திருக்கிறாள். இடப்பக்கம் புகைக்கும் வண்டி, போகிற வழியெல்லாம் மனித முகங்களைத் தடவிக்கொண்டு போகும். கீழ்நோக்கிப் புகைக்கும் வண்டி செம்மண்ணைக் கிளப்பி அதே முகங்களில் அப்பும். வண்டிக்குள் இல்லாதவர்களை நினைத்து எழுதப்பட்ட சட்டம் குறைவு. இந்த ஒற்றை வரியில் அவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கார் ஊர்ச்சாலையில் ஓடப்போவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 126ஆம் விதிப்படி, தயாரிப்பாளர் ஒரு மாதிரி வண்டியைப் புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனத்தில் தேற வைத்தாக வேண்டும். கொட்டகையில் ஒற்றைக் கார் கட்டுபவனுக்கு அது எட்டாத வாசல். பதிவான வண்டியைக்கூட விருப்பப்படி மாற்ற முடியாது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில், தயாரிப்பாளர் கொடுத்த அளவுகளுக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அவன் கார் தோட்டத்துக்குள் ஓடும். என்றாவது லாரியில் ஏறி ஒரு பந்தயத் தடத்துக்குப் போகும். சட்டம் பிடிக்காத இடத்தில் ஓடும் காருக்கு 112ஆம் விதி எதற்கு என்று ஆசான் கேட்டார். தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர்கள் நிற்கிறார்கள்; தடத்தில் கொடி காட்டுபவர்கள் நிற்கிறார்கள். ஆள் நிற்கும் இடமெல்லாம் அந்த விதிக்கு வேலை இருக்கிறது.

கோவைக்கு அருகே செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவரும் ஃபார்முலா பாரத் போட்டி நடக்கிறது. உலகம் முழுவதும் இவ்வகை மாணவர் போட்டிகளுக்கு அடிப்படையான விதிகளில் புகைவாய்க்குத் தனி இடம் உண்டு. பின் அச்சின் மையத்திலிருந்து 45 சென்டிமீட்டருக்கு மேல் பின்னால் நீளக் கூடாது. தரையிலிருந்து 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது. எந்த வேகத்திலும், கார் இழுக்கும் காற்றோட்டத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஓட்டுபவருக்குப் புகை போகாதபடி அமைக்க வேண்டும். அந்தத் தடத்துக்குப் பெயர் தந்த எஸ். கரிவரதன், வாழ்ந்த காலத்தில் மாருதி 800 எஞ்சினை வைத்தே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டி, வசதியில்லாத பிள்ளைகளுக்கும் பந்தயத்தின் கதவைத் திறந்தவர். அதே கோவையில் ஜி. டி. நாயுடு 1952இல் இருவர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குத் தரமுடியும் என்று செய்து காட்டினார். உற்பத்திக்கு அரசு உரிமம் கிடைக்கவில்லை. சொந்தக் கையால் கார் கட்டும் ஆசை நம் மண்ணில் நேற்று முளைத்ததில்லை. அந்த ஆசையோடு சேர்த்து, எதை எங்கே விடுவது என்ற அக்கறையையும் மாணவர் போட்டியின் விதிப்புத்தகம் கற்றுக்கொடுக்கிறது என்பது எனக்கு நிறைவாக இருக்கிறது.

ஓட்டுபவருக்குப் புகை போகாதபடி என்ற சொற்களில் நான் நெடுநேரம் நின்றேன். பின்னால் விட்ட புகை முன்னால் இருப்பவனுக்கு எப்படி வரும்?

கூரையில்லாத காரில் வேகமாகப் போகும்போது உட்கார்ந்திருப்பவரின் முடி பின்னால் பறக்கும் என்றுதான் நினைப்போம். நடப்பது வேறு. முன்கண்ணாடியின் மேல் ஏறித் தாண்டும் காற்று, பின்னால் வெற்றிடம்போல் அழுத்தம் குறைந்த ஒரு குழியை விட்டுச்செல்கிறது. அந்தக் குழியை நிரப்பப் பின்பக்கக் காற்று சுருண்டு முன்னோக்கி வருகிறது. முடி முகத்தில் அடிக்கிறது. காரின் வாலுக்குப் பின்னாலும் இதேபோல் ஒரு குழி உண்டு. புகைவாய் உடலின் விளிம்புக்குள் ஒடுங்கி நின்றால், கக்கிய புகை அந்தக் குழியில் சிக்கி, உடலை ஒட்டி ஏறி, இருக்கைக்கே திரும்பும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடியோடு பற்றிக்கொள்ளும். தலைவலி, தூக்கம், மயக்கம் என்று வரிசையாக வரும். ஓட்டுபவன் களைப்பு என்று நினைத்துக்கொள்வான்.

இதைப் பூவாரின் மீன்பிடிகாரர்கள் கட்டுமரத்தின் காலம் முடிந்தபோதே கற்றுக்கொண்டார்கள். 1980களில் இந்தக் கரைகளுக்குப் பிளைவுட் வள்ளங்களும் வெளியில் பொருத்தும் எஞ்சின்களும் வந்தன. அந்த எஞ்சினின் புகை பெரும்பாலும் விசிறியின் நடுவழியாகத் தண்ணீருக்கு அடியில் வெளியேறும். மெதுவாக ஓடும்போது மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே உள்ள சிறு துளை வழியாகக் கொஞ்சம் கசியும். காற்று பின்னாலிருந்து அடித்தால் அந்தக் கசிவு நேராகச் சுக்கான் பிடித்திருப்பவர் முகத்துக்கு வரும். அதற்கு அவர் வள்ளத்தைச் சற்றுச் சாய்த்துத் திருப்புவார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புகையை நீருக்குள் ஒளித்தாலும் காற்று அதைக் கண்டுபிடித்துத் திருப்பித் தருகிறது.

கடலில் மட்டுமல்ல, வீட்டிலும் புகைக்கு வழி வேண்டும். எங்கள் எல்லைப்புறத்தில் அடுக்களைக்கும் இரண்டு மூலைகள் உண்டு. தமிழ்ப் பக்கத்து மனையடியில் அடுப்பு தென்கிழக்கில், அக்கினி மூலையில். மலையாள நாலுகெட்டில் அடுக்களை வடக்கிலோ வடகிழக்கிலோ. 1956இல் மாநிலக் கோடு விழுந்த பிறகும் ஒரே தெருவில் இரண்டு வகை வீடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. வடகிழக்கில் அடுப்பு வைத்த பழைய கொத்தனார்களுக்குத் தென்மேற்குக் காற்று தெரியும். மழைக்காலத்தில் புகையும் தீப்பொறியும் ஓலைக்கூரையை விட்டு விலகிப் போகும். இரண்டு கணக்கிலும் பொதுவாக இருப்பது ஒன்று: வீடு கட்டும் முன்பே புகைக்கு வழி யோசித்துவிட்டார்கள். சுவர் எழும்பிய பிறகு ஓட்டையை எங்கே போடுவது என்று தேடவில்லை. நாங்கள் நின்றிருந்த புகைப்புரையும் அப்படித்தான். அடுப்பு கீழே, வெளியேறும் துவாரம் கூரைக்குக் கீழே. ரப்பர் ஷீட்டுக்கு வேண்டிய புகை உள்ளே நிற்கும். மிச்சம் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். அப்படிப்பட்ட கட்டடத்துக்குள் நின்றுகொண்டு, மூன்று வருடம் கழித்து, காரின் புகைக்கு வழி தேடினோம். மருமகனிடம் இதைச் சொன்னேன். அவன் சுவரின் மேல் துவாரத்தை நிமிர்ந்து பார்த்தான்; அடுத்த கார் இங்கிருந்து தொடங்கும் என்றான்.

பின்பக்கம் என்று முடிவானபின் பொருளின் குணங்கள் ஒவ்வொன்றாக வந்து கதவைத் தட்டின. இரும்பு சூட்டில் நீளும். ஒரு மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் சுமார் மூன்றரை மில்லிமீட்டர். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் ஐந்து மில்லிமீட்டர். எஞ்சின் ரப்பர் தாங்கிகளின் மேல் ஆடுகிறது. சைலன்சரும் ரப்பர் ஹேங்கரில் தொங்க வேண்டும், இரண்டும் சேர்ந்து ஆடவேண்டும். காரின் இரும்புச் சட்டத்தோடு வைத்து இறுக்கிப் பற்றவைத்தால் சில நூறு கிலோமீட்டரில் வெல்டிங் விட்டுப்போகும். வள்ளத்துக்குப் போடும் ஃபைபரின் பிசின் கொதிநீர்ச் சூட்டுக்கே இளகத் தொடங்குவது. குழாய் வெளியே வரும் துளையைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடமும், உள்பக்கம் ஓர் அலுமினியத் தகடும் இல்லாவிட்டால் உடல் கருகும்.

பிறகு தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுதாக எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் ஆவியாகப் போய்விடும். தோட்டத்துக்குள் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் காரில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கும். கடைசி வளைவு மேல்நோக்கி இருந்தால் வடியாது. உள்ளே தண்ணீர், வெளியே பூவார்க் கடலின் உப்புக்காற்று. மெல்லிய இரும்புத் தகடு இரண்டு மழைக்காலம் தாங்கினால் அதிகம். அதனால் வாய் மட்டத்துக்கு ஒரு விரல்கடை தாழ்ந்து முடியவேண்டும். தரையைப் பார்க்கும் அளவுக்குச் சாயவும் கூடாது. புகைச் சோதனைக்குச் செருகும் கம்பி உள்ளே போக, கடைசியில் கொஞ்சம் நேர்க்குழாயும் வேண்டும்.

ஒலியும் புகையோடு அதே வாயில்தான் வருகிறது. இளைஞர்கள் சைலன்சரை மாற்றுவதே பெரும்பாலும் ஒலிக்காகத்தான். 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை மாற்றிய சைலன்சர்களைத் தேடித் தனியாகவே ஒரு சோதனை நடத்த வேண்டியிருந்தது. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் விதித்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. எங்கள் இடவழிகளில் இரண்டு பக்கமும் செங்கல் மதில். குழாயைப் பக்கவாட்டில் திருப்பினால் ஓசை மதிலில் மோதி, மூடிய ஜன்னலைத் தாண்டி, படுத்திருக்கும் நோயாளியின் நெஞ்சில் விழும். என் அம்மாவின் கடைசி மாதங்களில் ஒவ்வொரு இரவும் 11 மணிக்கு அப்படி ஒரு பைக் எங்கள் வழியில் போகும். ஓட்டியவனுக்கு அவள் இருந்தது தெரியாது. அவனுடைய குழாயின் வாய் அவள் கட்டிலை நோக்கியிருந்தது என்பதும் தெரியாது.

அன்று மாலை குழாய்க்கு இடம் குறித்தோம். பின்பக்கம், வலது ஓரம், உடலின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரற்கடை வெளியே, தரையிலிருந்து ஒரு முழம். இடப்பக்கம் நடப்பவரிடமிருந்து ஆகத் தொலைவில் இருப்பது அந்த மூலைதான். வாலின் குழியிலிருந்தும் அது கொஞ்சம் விலகியிருக்கிறது. குழாயின் நீளம் கூடியதால் எஞ்சினின் மூச்சு சற்று இறுகும் என்று மருமகன் கவலைப்பட்டான். தொடக்கத்திலேயே யோசித்திருந்தால் அந்த இறுக்கத்தையும் தவிர்த்திருக்கலாம். இப்போது அவன் விட்டுக்கொடுத்தது ஓட்டும்போது உணரவே முடியாத அளவு வேகம். அதற்குப் பதிலாகக் கிடைத்தது, தெரியாத ஒருவரின் முகத்துக்கு ஒன்றரை மீட்டர் விலகல். என் மதிப்பில் இது நல்ல வியாபாரம்.

குறித்த இடத்தில் பற்றவைக்கக் கம்பியை எடுத்தவர் நிறுத்தினார். "டேக் மட்டும் போடுகேன் பிள்ளே. ஸ்டார்ட் பண்ணு. நீ போய் அதுக்குப் பொறத்தால குத்தவச்சு இரு," என்றார் ஆசான். அவன் போய் உட்கார்ந்தான். ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் முக உயரம் வந்தது. எஞ்சின் ஓடியது. முதலில் அவன் சிரித்தான், பிறகு இருமினான், பிறகு எழுந்து போய், மதிலோரம் ஆட்கள் நடக்கும் தூரத்தில் மறுபடி குத்தவைத்தான். இடமும் வலமும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தான். கடைசியில் வாயை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பச் சொன்னான். ஆசான் டேக்கை, அந்தச் சிறு ஒட்டுப்புள்ளியை, தட்டி உடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

கார் கட்டும் பிள்ளைகளுக்கும், பைக்கின் சைலன்சரை மாற்றக் கடை வாசலில் நிற்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடைசி வளைவை முழுதாகப் பற்றவைக்காதீர்கள். டேக் மட்டும் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு குழந்தையின் உயரத்துக்குத் தாழ்ந்து, பின்னாலும் இடப்பக்கமும் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். உங்களால் அங்கே உட்கார முடிந்தால் மட்டும் பற்றவையுங்கள்.